தகடு என்று நான் சொன்னது

எங்கள் கராஜில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. வாகனத்தில் எந்தச் சாமான் பழுதென்றாலும் முதலில் அதைப் படம் எடுக்க வேண்டும். படத்தில் பழுதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, சொந்தக்காரரின் போனுக்கு அனுப்ப வேண்டும். அவர் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தச் சின்னப் படத்தைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடலாம். நான் வேலையிலிருந்து ஓய்ந்த கிழமை, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே இப்போது வேலை செய்யும் பொடியன்கள் கேட்டார்கள்: "அண்ணை, இந்தச் சட்டம் உங்களாலதான் வந்ததெண்டு ஹாஜியார் சொல்றார். அப்பிடி என்ன செய்தனீங்கள்?"

ஹாஜியார் எங்கள் முதலாளி. கேள்வி காதில் விழுந்ததும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாயால் சொன்னால் நான் பதறிப் பதறி, பின்னால் வரவேண்டியதை முன்னால் சொல்லிக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே பிழை வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

பயம் எனக்கு இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிக்கூடத்தை விட்டதே பயத்தால்தான். கரும்பலகைக்கு முன்னால் கூப்பிட்டால் காய்ச்சல் வரும். ஐந்தாறு தரம் காய்ச்சல் வந்த பிறகு அப்பா என்னைக் கொட்டாஞ்சேனையில் ஹாஜியாரின் கராஜில் கொண்டுபோய் விட்டார். முதல் வருடம் நட்டுக் கழுவினேன். இரண்டாம் வருடம் எஞ்சின் வேலைக்கு விட்டார்கள். பூட்டியதை மறுபடி கழற்றிச் சரிதானா என்று பார்ப்பேன். பார்த்ததையே பிறகும் பார்ப்பேன். பின்னேரம் பஸ்ஸில் பாதி வழி போன பிறகு இறங்கி, வீல் நட்டு இறுக்கமா என்று பார்க்கத் திரும்பி வருவேன். எனக்கு 'இன்னொருக்கா பாஸ்' என்று பெயர் வைத்தார்கள். கொழும்பில் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். அடைமொழிதான் ஆளுக்கு ஆள் வேறு.

தவராசா என்ற என்னை ஹாஜியார் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "தவம், எஞ்சின் பழுதானா வாகனம் ஓடாது. அதால யாரும் மவுத்தாகிறதில்ல. பிரேக் பழுதானா வாகனம் நிக்காது. நீங்க பிரேக் செய்ங்க. அதுக்குப் பயந்த ஆள்தான் வேணும்."

அன்றிலிருந்து ஓயும்வரை நான் பிரேக் பாஸ்.

பயந்தவனும் பிழை விடுவான். அதையும் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதலாகத் தனியாக டிஸ்க் மாற்றியது ஒரு வான் வண்டிக்கு. நீங்கள் இதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவீர்கள் என்பதால் சொல்கிறேன்: டிஸ்க் என்பது சில்லோடு, அதாவது சக்கரத்தோடு, சேர்ந்து சுற்றும் இரும்பு வட்டம். அதை இரண்டு பக்கத்தாலும் பேட் எனப்படும் கட்டைகள் நெரிப்பதால்தான் வாகனம் நிற்கிறது. கலிப்பர் என்ற பிடிக்குள் இந்தப் பேட்டுகள் இருக்கும். புதிய டிஸ்க் தடிப்பானது. அதற்கு இடம் விட, கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு பெடலை நாலைந்து தரம் மிதித்து அதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மிதிக்காவிட்டால் முதல் மிதியில் பெடல் வெறுமையாக நிலம்வரை போகும்.

வீல் நட்டை நான்கு தரம் பார்த்த நான் பெடலை ஒரு தரமும் மிதிக்கவில்லை. வெளியே எடுக்க ரிவர்ஸ் போட்டேன். வான் பின்னால் போனது. மெதுவாகத்தான் போனது, ஆனால் நிற்கவில்லை. ஹாஜியார் சற்று முன்புவரை இருந்த பிளாஸ்டிக் கதிரையை நசுக்கி, சுவரில் முட்டி நின்றது. ஹாஜியார் கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தவம், பெடல மிதிச்சீங்களா?"

"இல்லை ஹாஜியார்."

"இப்ப மிதிங்க."

நான் உள்ளே ஏறி மிதித்தேன். அவர் போதும் என்று சொல்லவில்லை. அரை மணித்தியாலம் மிதித்தேன்.

அவருடைய முறை அப்படி. சத்தம் போடமாட்டார். வாகனச் சொந்தக்காரரிடம் 'பழுது' என்ற சொல்லைச் சொல்லமாட்டார். "இந்த டிஸ்க் களச்சிப் போயிட்டு" என்பார். "பேட்டுக்கு வயசாயிட்டு" என்பார். பயப்படுத்தாமல் சொல்வதற்காக அல்ல, சாமானுக்கும் மரியாதை உண்டு என்று நினைப்பவர். பிரேக் வேலைக்கு அவர் மூன்று கட்டளை வைத்திருந்தார். ஒன்று, கெட்ட செய்தியை போனில் சொல்லக்கூடாது, ஆளைக் கூப்பிட்டுச் சாமானைக் கையில் கொடுக்க வேண்டும். "சாமான் பேசும் தவம். நீங்க பேசத் தேவல்ல" என்பார். இரண்டு, பழைய சாமான் சொந்தக்காரருக்கே போக வேண்டும். மூன்று, பிரேக் செய்தவன் முதல் ஓட்டத்தில் வாகனத்துக்குள் இருக்க வேண்டும். "ஒங்கட உசிரும் உள்ளுக்கு இரிந்தாத்தான் நட்டு ஒழுங்கா இறுகும்."

இந்த மூன்றில் முதலாவதை நான் ஒரே ஒரு தரம் மீறினேன். அதுதான் கதை.

வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிறுத்தியிருந்த வருடங்கள் அவை. புது வாகனம் வாங்க வழியில்லாததால் இருப்பதை வைத்தே எல்லாரும் ஓடினார்கள். மாற்ற வேண்டிய டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவி, மறுபடி சீவி, அப்பளம் போலாக்கிக் கொண்டுவருவார்கள். அந்த நாட்களில்தான் பாக்கியம் ரீச்சரின் ஜீப் எங்களிடம் வரத் தொடங்கியது. உண்மையில் அது ஜீப் அல்ல, சின்ன ஜப்பான் வாகனம். ஆனால் காரைவிட ஒரு சாண் உயர்ந்த எதுவும் நமக்கு ஜீப்தான். ரீச்சர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், தொடர்மாடியில் தனியாக இருந்தவர். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தானே ஓட்டுவார். அவர் கராஜுக்குள் வந்தால் நான் என்னை அறியாமலே எழும்பி நிற்பேன். ஒருமுறை பில்லில் 'பிறேக்கு' என்று எழுதியதற்குச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தார். எனக்கு அன்று பின்னேரம் காய்ச்சல் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இது தெரியாது. ரீச்சர் அந்த ஜீப்பை வாங்கிய நாளில் கொழும்பு முகத்துவாரத்தில் ஒரு பூசாரியாரிடம் இரண்டு செப்புத் தகடு மந்திரித்து வாங்கி, முன்பக்கக் கம்பிச் சட்டமான கிறிலுக்குப் பின்னால் கட்டுவித்திருந்தார். வழிப்பயணத்துக்குக் காவல். தூசும் பூச்சியும் படிந்து, ரேடியேட்டரோடு ரேடியேட்டராக அவை இருந்திருக்கின்றன. நான் எப்போதும் சில்லுக்குப் பின்னால் பார்ப்பவன். கிறிலுக்குப் பின்னால் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ரீச்சர் ஒயில் மாற்ற ஜீப்பை விட்டுவிட்டுப் போனார். பிரேக்கைப் பார்க்கச் சொல்லவில்லை. என் குணத்துக்கு நான் முன் சில்லைக் கழற்றினேன். டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்தால் வயல் வரம்பு போல ஒரு விளிம்பு எழும்பியிருந்தது. பேட் உரசும் இடம் அவ்வளவு தேய்ந்து உள்ளே போயிருக்கிறது. டிஸ்க்கின் முகத்தில் சூட்டினால் நீலத் திட்டு. தலைமயிர் போல இரண்டு மூன்று வெடிப்பு. மைக்ரோமீட்டரை வைத்து அளந்தேன். இருபது மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று டிஸ்க்கின் விளிம்பிலேயே குத்தியிருக்கும். பதினெட்டரைதான் இருந்தது. மற்றப் பக்கமும் அதே. பேட்டும் முடிகிற நிலை. சமதரையில் ஓடித் திரியலாம். மலையில் இறங்கினால் சூடேறி, பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

ஹாஜியார் ஜும்மாவுக்குப் போயிருந்தார். ரீச்சர் அந்த ஜீப்பை எடுத்து எங்காவது போய்விட்டால்? கட்டளையை மறந்து போனை எடுத்தேன்.

"ரீச்சர், உங்கட ஜீப்பின்ர முன் டிஸ்க் ரெண்டும் முடிஞ்சுது."

"என்னது முடிஞ்சுது?"

"டிஸ்க், ரீச்சர். ரோட்டர் எண்டும் சொல்லுறது."

"தவராசா, வாழ்க்கை முழுக்கத் தமிழ் படிப்பிச்ச மனிசியோட கதைக்கிறீர். தமிழில சொல்லும்."

போனைக் காதில் வைத்தபடி எழும்பி நின்றேன். கரும்பலகை கண் முன்னால் வந்தது. தட்டு என்று சொல்லலாமா? சாப்பாட்டுத் தட்டு என்று நினைப்பார். தேடித் தேடி ஒரு சொல் கிடைத்தது.

"தகடு, ரீச்சர். முன்னுக்கு இருக்கிற தகடு ரெண்டும்."

"நீர் அதைக் கவனிச்சனீரோ?"

"அதுதான் ரீச்சர் நான் முதல் பாக்கிறது."

"இந்தக் காலத்தில ஆர் அதையெல்லாம் பாக்கினம். மங்கிப் போச்சு எண்டு எனக்கும் ஒரு எண்ணம்தான்."

"மங்கினது பரவாயில்லை. பிடிக்கிற சக்தியே இல்லை ரீச்சர்."

"சக்தி போட்டுதோ."

"முழுக்கப் போட்டுது. மாத்தாமல் மலைப் பக்கம் போகாதேங்கோ. உயிர் விசயம்."

"ஐயோ, அடுத்த சனி தங்கச்சியாக்களோட நுவரெலியா போறம். கனடாவில இருந்து பிள்ளையளையும் கொண்டு வந்திருக்கிறாள்."

"அதுக்கு முன்னம் மாத்தவேணும். சோடியா மாத்தவேணும். ஒண்டை மட்டும் மாத்தினால் ஒரு பக்கம் இழுக்கும்."

"அப்பிடித்தான் அவரும் சொன்னவர்."

யார் அவர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். "நல்ல ஆளிட்ட வாங்கவேணும் ரீச்சர். இப்ப போலி கனக்க."

"போலிதான் கனக்க. பூச்சைப் பாத்து ஏமாறக்கூடாது."

போலி டிஸ்க்குக்கு வெள்ளிப் பூச்சு அடித்து விற்பது ரீச்சருக்கும் தெரிந்திருக்கிறதே என்று வியந்துபோனேன். "புதுசில எண்ணெய்க் கை படக்கூடாது. பழசை வாகனத்தில வைச்சிருக்கவும் கூடாது" என்றேன்.

"சரி. மச்சம்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம். மீனோ இறைச்சியோ சாப்பிட்டேனா என்று அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "மச்சம் இல்லை ரீச்சர், வெள்ளியெல்லோ."

"அப்ப நானும் கிழமை முழுக்க விட்டிடுறன். மாத்துவிக்கிறன் தம்பி. சொன்னது பெரிய உதவி."

எங்களிடம் மாற்றுவிக்கப் போகிறார் என்று நினைத்து, சில்லைத் திரும்பப் பூட்டிவிட்டு, அப்போதே உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஓடினேன். கடை கடையாக ஏறி நல்ல டிஸ்க் ஒரு சோடியும் பேட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, ரீச்சர் வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். சாவியைக் கொடுத்தது ஹாஜியார். நான் போனில் சொன்னதை அவருக்குச் சொல்லவில்லை. கட்டளையை மீறியவன் எப்படிச் சொல்வான்.

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் போன் எடுத்தேன்.

"அது அண்டைக்கே மாத்தியாச்சு தவராசா. முகத்துவாரத்தில. ரெண்டையும் சோடியாத்தான்."

இவ்வளவு காலம் பார்த்த வாகனம், முகத்துவாரத்தில் யாரோ ஒரு பாஸிடம் போய்விட்டது. ஹாஜியாரிடம் முகத்தைத் தொங்கவிட்டுச் சொன்னேன். "யாரு செஞ்சா என்ன, நின்டா சரிதானே. டிஸ்க்க மேல வெய்ங்க, யாருக்கும் ஒதவும்" என்றார். மேலே வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வேறு பயம் வந்தது. பேட்டையும் மாற்ற வேண்டும் என்று நான் ரீச்சரிடம் சொல்லவில்லையே. முகத்துவாரத்து ஆள் புது டிஸ்க்கில் பழைய பேட்டைப் போட்டிருந்தால், மலை இறங்கும் முன்னே முடிந்துவிடும். ஆறரைக்குப் போன் எடுத்தேன். பின்னால் கடற்கரை ரயில் போகிற சத்தம்.

"ரீச்சர், தகடு மாத்தினவர் பேட்டும் சேத்து மாத்தினவரோ?"

"என்ன, பாட்டோ? பாட்டில்லாமல் செய்வாரோ. பஞ்சபுராணம் முழுக்கப் படிச்சுப்போட்டுத்தான் தகட்டைக் கட்டினவர்."

"கட்டினவரோ? பூட்டேல்லையோ?"

"செப்புக் கம்பியால கட்டினவர். முந்தியும் அப்பிடித்தானே இருந்தது."

"ரீச்சர், இது என்ன தகடு?"

"என்ன தகடு எண்டு என்னட்டக் கேக்கிறீர்? சக்தி போட்டுது எண்டு நீர்தானே சொன்னனீர். சரி வையும், எட்டுக்குக் கோயிலில தேங்காய் உடைச்சிட்டு வெளிக்கிடவேணும். ஒன்பதுக்கு ராகுகாலம்."

வைத்துவிட்டார். நான் மறுபடி போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. ஏழு தரம் எடுத்தேன். வாகனம் ஓட்டும் நாளில் போனைப் பைக்குள் போட்டு, பையைப் பின்னால் வைத்துவிடுவது ரீச்சரின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை நான் அன்று வெறுத்தேன்.

ஹாஜியாருக்கு எடுத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொன்னதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவவுக்கிட்ட என்ன சொல் சொன்னீங்க?"

"தகடு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டிஸ்க், பேட், ஜேக், ஸ்டேண்ட், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆட்டோவில போங்க. நான் நேர வாரன்."

ஒரு டிஸ்க் ஏழு கிலோ இருக்கும். இரண்டையும் மடியில் வைத்து, ஜேக்கைக் காலுக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இருந்தேன். ஓட்டுநர் சிங்கள ஆள். கண்ணாடியில் என் மடியைப் பார்த்துப் பார்த்து வந்தார். காலிமுகத்திடல் தாண்டும்போது, "அய்யே, பிரேக்கத?" என்று கேட்டார். ஓம், பிரேக்தான் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னுடைய வண்டியின் பிரேக்கில் ஏதோ குறை கண்டேன் என்று நினைத்திருக்கிறார். வெள்ளவத்தைவரை முப்பதுக்கு மேல் போகவில்லை.

ரீச்சர் வழக்கமாகப் போகும் கோயில் இருந்த சின்ன ஒழுங்கைக்குள் ஆட்டோ திரும்பியபோது மணி எட்டேகால். ஜீப்புக்கு மாலை போட்டாகிவிட்டது. தேங்காய் உடைத்தாகிவிட்டது. நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம். பின்னால் ரீச்சரின் தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும். ஐயர் கையைக் காட்டுகிறார். ரீச்சர் எஞ்சினை எழுப்புகிறார்.

நான் ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். இரண்டு கக்கத்திலும் டிஸ்க்கோடு ஓடிப்போய் முன் சில்லுக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரையும் நான் மறித்ததில்லை. ஹோர்ன் அடித்தார். நான் எழும்பவில்லை. கண்ணாடி இறங்கியது.

"தவராசா, எழும்பும். எலுமிச்சம்பழத்துக்கு மேல இருக்கிறீர்."

"ரீச்சர், நான் சொன்ன தகடு இது." ஒரு டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினேன்.

பின்னால் தங்கச்சி, "அக்கா, ஆர் இந்த மனிசன்?" என்று கேட்டார்.

ரீச்சர் இறங்கி வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு டிஸ்க்கைப் பார்த்தார். "இதையோ தகடு எண்டனீர்?"

"ஓம்."

"இது வட்டு. தகடு எண்டால் தட்டையாய், மெல்லிசாய் இருக்கவேணும்."

"உங்கட ஜீப்பில இருக்கிறது மெல்லிசாப் போச்சு ரீச்சர். அதாலதான் தகடு எண்டு வாயில வந்தது."

ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரீச்சருக்கு வரவில்லை. தான் கிழமை முழுக்க மச்சம் விட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "அதெல்லாம் திரும்பி வந்து பாப்பம். ஒன்பதுக்கு முன்னம் நான் வெளிக்கிடவேணும். ராகுகாலத்தில வெளிக்கிடேலாது. பத்தரைவரையும் காத்திருந்தால் பின்னேர மூடுபனிக்குள்ளதான் மலை ஏறவேணும்."

"ரீச்சர், ஏறலாம். இறங்கேலாது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சாரம், தொப்பி. கோயில் வாசலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒழுங்கையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். ரீச்சருக்கு சலாம் வைப்பதுபோல் நெஞ்சில் கை வைத்தார். என்னைப் பார்த்து, "சில்லக் கழட்டுங்க" என்றார். ரீச்சரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நட்டைத் தளர்த்தி, ஜேக் வைத்து, ஸ்டேண்ட் வைத்து, சில்லைக் கழற்றினேன். ஹாஜியார் மைக்ரோமீட்டரைத் துடைத்து, டிஸ்க்கில் வைத்து, ரீச்சரின் கையில் கொடுத்தார். பிறகு டிஸ்க்கின் விளிம்பில் குத்தியிருந்த எழுத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். ரீச்சர் குனிந்து, விடைத்தாள் பார்ப்பதுபோல் ஒன்றை வாசித்தார். மற்றதை வாசித்தார். விரலை எடுத்து அந்த வரம்பில் வைத்துப் பார்த்தார். வெடிப்பில் நகம் தட்டியது.

"இது எவ்வளவு நாளா இப்பிடி?"

"கொஞ்சம் களச்சிப் போயிட்டு ரீச்சர்" என்றார் ஹாஜியார்.

ரீச்சர் நிமிர்ந்து, ஜீப்பின் முன்பக்கத்தில், கிறிலுக்குள் மினுங்கிக்கொண்டிருந்த புதிய செப்புத் தகடுகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு கவலை. ஹாஜியார் அதைக் கண்டுகொண்டார்.

"அதுவும் இரிக்கட்டும் ரீச்சர். இதுவும் இரிக்கட்டும். ரெண்டும் வேற வேற வேல. ஒண்டோட வேலய மத்ததுக்கிட்டக் குடுக்கப்படாது, அவ்வளவுதான்."

"ராகுகாலம்?"

"நீங்க காலையில வீட்டால எறங்கியே வந்துட்டீங்களே. வெளிக்கிட்டாச்சி. இப்ப வழியில நிக்கிறீங்க." ஐயர் பக்கம் திரும்பி, "அப்படித்தானே ஐயா?" என்று கேட்டார்.

ஐயர் தாடையைத் தடவினார். அடுத்த பூசைக்கு கைமாறி வாங்கிய ஒரு லொறி ஒழுங்கை முனையில் காத்து நின்றது. "சாஸ்திரப்படி பயணம் தொடங்கியாச்சுதான்" என்றார். "ஆனால் கொஞ்சம் ஓரமாத் தள்ளிச் செய்யுங்கோ."

சில்லைத் திரும்பப் பூட்டி, ஜீப்பை ஓரமாகத் தள்ளி, மறுபடி கழற்றினோம். கலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸ் குழாயில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். பழைய டிஸ்க் கழன்று வரவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்பை இரும்போடு ஒட்டிவிடும். சுத்தியலால் அடித்தால் சத்தத்தில் கோயிலே நடுங்கும். டிஸ்க்கில் இதற்கென்றே இரண்டு சின்னத் துளை உண்டு. அதற்குள் போல்ட் இரண்டை விட்டு மாறிமாறி இறுக்கினால் அதுவே தன்னைத் தள்ளிக்கொண்டு வரும். வந்தது. பின்னால் இருந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் துருப் போகத் தேய்த்தேன். துருவின் ஒரு துணிக்கை இருந்தாலும் புது டிஸ்க் ஆடும், பெடல் காலில் உதைக்கும்.

புது டிஸ்க்கைத் துடைத்து வைத்த நேரம், ஐயர் அன்போடு சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விளக்கில் எண்ணெய் விட்ட விரல்.

"ஐயா, வேண்டாம், எண்ணெய் படக்கூடாது" என்று நான் டிஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"சந்தனம் வைக்காமலோ?"

"சில்லுக்கு வைங்கோ ஐயா. எவ்வளவும் வைங்கோ."

சில்லு நிறைய வைத்தார். ரீச்சரின் தங்கச்சியின் பிள்ளைகள் இருவரும் படி மீது இருந்து எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஹாஜியாருக்கு அந்தச் சட்டம் மனதில் வந்தது. "தவம், இனிச் சொல் வேணாம். படம் போதும்" என்று அன்றே சொன்னார்.

இரண்டு பக்கமும் முடித்து, பெடலை மிதித்தேன். எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். நட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன். பழைய டிஸ்க் இரண்டையும் சாக்கில் சுற்றி ரீச்சரிடம் கொடுத்தேன். பிறகு பக்கத்து சீட்டில் ஏறி இருந்தேன். புதிய டிஸ்க்கையும் பேட்டையும் ஒன்றோடொன்று பழக விட வேண்டும். கடற்கரை வீதியில் ஐம்பதுக்கு ஓடி, முழுக்க நிற்பாட்டாமல் இருபதுவரை குறைத்து, மறுபடி ஓட வேண்டும். பத்துத் தரம். ரீச்சர் ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினார். ஏழாவதில் நான் கண்ணைத் திறந்தேன்.

"மணக்குது" என்றார்.

"அது பழகிற மணம் ரீச்சர். கொஞ்சம் ஆறவிட்டுப் போகலாம்."

அவர்கள் போனார்கள். எனக்குச் சனி, ஞாயிறு இரண்டும் வேலை ஓடவில்லை. செய்ததை மனதுக்குள் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அவர்கள் இறங்கும் நாள். றம்பொடை வழியாகத்தான் வருவார்கள், வளைவுக்கு மேல் வளைவு. பதினொரு மணிக்கு போன் அடித்தது. ஹாஜியார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சத்தமாக வைத்தேன்.

"தவராசா, இறங்கியாச்சு. கம்பளையில தேத்தண்ணி குடிக்கிறம்."

"பிரேக் பிடிச்சுதோ ரீச்சர்?"

"ஒரு வளைவில பஸ் ஒண்டு என்ர பக்கத்தால நேர வந்தது. நான் மிதிச்ச இடத்தில நிண்டிட்டுது. பிள்ளையள் கையில இருந்த பிஸ்கட்டும் விழேல்லை."

நான் அப்படியே ஜேக்கின் மேல் இருந்துவிட்டேன். நெஞ்சு கொள்ளாத பெருமை. "டிஸ்க் பிடிச்சிருக்கு ரீச்சர்" என்றேன்.

"வட்டு" என்றார். "ஓம், நிண்டது வட்டால. ஆனால் அந்த பஸ்காரன் கடைசி நேரத்தில தன்ர பக்கம் வெட்டினானே, அது தகடு."

ஹாஜியார் என்னைப் பார்த்து, மறுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் மறுக்கவும் இல்லை. அந்த பஸ்ஸின் பிரேக்கை நான் செய்யவில்லை.

"ஓம் ரீச்சர்" என்றேன்.